பழுக்கட்டும் என்று விட்ட கண்

வீட்டுக்கு யாராவது வந்திருக்கும்போதுதான் நான் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவேன். உள்ளே போய் விட்டுக்கொண்டு வரலாம், போகமாட்டேன். தலையை அண்ணாந்து, கீழிமையை இழுத்து, ஒரு துளி விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "நீங்கள் கதையுங்கோ, எனக்குக் காது கேக்கும்" என்பேன். வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். "ஐயோ, கண்ணிலை என்ன வருத்தம்?" என்று யாராவது மெல்லக் கேட்டால், நோயின் பெயரைச் சொல்லி, அது என் தாய் வழியாக வந்தது என்பதையும் சொல்லி, உங்கள் கண்ணைக் கடைசியாக எப்போது காட்டினீர்கள் என்றும் கேட்பேன். அதற்குப் பிறகு தேத்தண்ணியை அவசரமாகக் குடிப்பார்கள். எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

இந்தப் பிடிவாதம் பிறவியில் வந்ததல்ல. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரை ரயில் பாதைக்கு இறங்கும் ஒரு சின்ன ஒழுங்கையில், நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் வந்தது. வெள்ளைக்காரன் ஆண்ட காலம். இரண்டாவது உலக யுத்தம் இன்னும் தொடங்கவில்லை. அப்பா புதுக்கடைக் கோட்டில், அதாவது நீதிமன்றத்தில், கிளாக்கர். நான் பெண்கள் பள்ளிக்கூடமொன்றில் கீழ் வகுப்புகளுக்குப் படிப்பித்தேன். அம்மா வீட்டில். அவர்களுக்கு நான் ஒரே பிள்ளை.

அப்பா கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்மேல் பாய வேண்டாம். ஆனால் வழக்குகளுக்குத் தவணை எழுதி எழுதி, அது அவருக்கு இரத்தத்தில் ஊறிவிட்டது. கூரை ஒழுகினால் மழை விடட்டும் என்பார். வீட்டுக்காரனோடு தகராறு என்றால் அடுத்த மாதம் கதைப்போம் என்பார். காய்ச்சலோ வயிற்றுவலியோ, ஆறப்போட்டால் தானாகப் போய்விடும் என்பது அவருடைய சட்டம். பாதிக்குப் பாதி தானாகப் போகவும் செய்தன. அதுதான் ஆபத்து.

கண்ணைப் பற்றி எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம். யாழ்ப்பாணத்தில் இருந்த பெரியப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்தபோது, பார்த்த டொக்டர், "இன்னும் பழுக்கவில்லை, பழுத்த பிறகு வெட்டலாம்" என்று சொல்லி அனுப்பினார். அந்தக் காலத்தில் புரைக்கு அதுதான் முறை. பெரியப்பா காத்திருந்தார், வெட்டினார்கள், தடித்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பஞ்சாங்கம் வாசித்தார். அன்றிலிருந்து கண் என்றால் பழுக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் வேதவாக்காகிவிட்டது. கண்ணுக்குப் பல வருத்தங்கள் வரலாம், எல்லாம் ஒன்றல்ல என்று எவருக்கும் தோன்றவில்லை. காலில் முள் குத்தியதையும் கால் முறிந்ததையும் ஒன்று என்று எவரும் சொல்வதில்லை. கண்ணுக்கு மட்டும் அந்த மரியாதை இல்லை.

அம்மாவின் வலக்கண் மங்கத் தொடங்கியபோது, "புரை விழுகுது. பழுக்கட்டும்" என்றார் அப்பா. அதோடு விசாரணை முடிந்தது. நடுவில் அந்தப் பக்கத்துத் தலை பிளக்கிற மாதிரி இடிக்கும். அதற்கு உச்சியில் நல்லெண்ணெய் வைத்தார்கள். நந்தியாவட்டைப் பூவை ஊறவைத்த தண்ணீரால் கழுவினார்கள். அடுத்த வீட்டில் பிள்ளை பெற்றிருந்தவளிடம் தாய்ப்பால் வாங்கிக் கண்ணில் விட்டார்கள். பொன்னாங்காணி தின்றால் பகலில் வெள்ளி பார்க்கலாம் என்பார்கள். அம்மா அந்த வட்டாரத்துப் பொன்னாங்காணி முழுவதையும் தின்று தீர்த்தாள். வெள்ளி என்ன, வாசலில் நின்ற பால்காரனைக்கூட அந்தக் கண்ணால் பார்க்கவில்லை. கீரையில் நான் குற்றம் சொல்லவில்லை. கீரை நல்லது, தின்னுங்கள். ஆனால் அடைத்துப்போன குழாயைக் கீரை திறக்காது.

இரண்டு வருடத்தில் அந்தக் கண் விளக்கு வெளிச்சத்தையும் உணராமல் போனது. கருமணி சாம்பல் பூத்துக் கிடந்தது. "இப்ப நல்லாப் பழுத்திட்டுது" என்றார் அப்பா, ஏதோ மாம்பழத்தைப் பார்ப்பதுபோல. அப்போதும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. காரணம், எனக்குக் கலியாணப் பேச்சு வந்துவிட்டது.

மாப்பிள்ளை வீட்டார் கொட்டாஞ்சேனையில் இருந்தார்கள். பையன் அரசாங்க உத்தியோகம். படத்தில் பார்த்தேன், வடிவாகத்தான் இருந்தார். இல்லை என்று சொல்லிப் பயனில்லை. எனக்கும் விருப்பம் வந்துவிட்டது. சாதகம் மிக நன்றாகப் பொருந்தியது என்று தரகர் குளிரக் குளிரச் சொன்னார். எங்கள் ஆட்கள் சம்பந்தம் பேசும்போது வயலைக் கேட்பார்கள், நகையைக் கேட்பார்கள், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "குடும்பத்திலை ஏதும் வருத்தம் கிருத்தம் இருக்கோ?" என்று கேட்பார்கள். காசம், குட்டம், பைத்தியம், கண் போதல், எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடக்கம். அப்பா, "ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டார்.

அவர்கள் வந்து நாள் குறிக்க இருந்த கிழமை, ஒரு பின்னேரம், அம்மா அடுப்படியில் கைவிளக்கைக் கொளுத்தி வைத்துவிட்டுச் சிரித்தாள். "இஞ்சை பார் பிள்ளை, விளக்கைச் சுத்தி வானவில் போட்டிருக்கு" என்றாள். நான் பார்த்தேன். வெறும் விளக்குத்தான் எரிந்தது. எந்தக் கண்ணுக்குத் தெரிகிறது என்று கேட்டேன். இருக்கிற ஒரே கண்ணுக்குத்தானே தெரியும் என்றாள். கொஞ்ச நேரத்தில் இடப்பக்க நெற்றியைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டாள். வயிற்றைப் பிரட்டிச் சத்தியும் எடுத்தாள். அப்பா கோட்டைக் கழற்றிக்கொண்டே, "பித்தம். தேசிக்காய்த் தண்ணி குடு" என்றார்.

வலக்கண் போவதற்கு முன்னும் அம்மா இப்படி ஒரு வானவில் கதை சொல்லியிருந்தாள். அப்போது நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைப் பரிசோதிக்க டொக்டர் ஒருவர் வந்தார். சுவரில் எழுத்து அட்டையைத் தொங்கவிட்டு, ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி, பிள்ளைகளை வரிசையாக வாசிக்க வைத்தார். மந்தம் என்று நாங்கள் பின் வரிசை வாங்குப் பலகையில் தள்ளியிருந்த ஒருத்திக்கு மூளையில் ஒரு குறையும் இல்லை, கரும்பலகைதான் தெரியவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் பெட்டியைக் கட்டும் நேரம் பார்த்து நான் பக்கத்தில் போய் அம்மாவின் கதையைச் சொன்னேன். வானவில் என்றதும் அவர் கை நின்றது.

அவர் இங்கிலீசில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். நோவில்லாமல் புகைபோல மெல்ல மெல்ல மங்கினால் அது பெரும்பாலும் புரை. புரை உனக்காகக் காத்திருக்கும். நாற்பது தாண்டியவர் பேப்பரைத் தூரப் பிடித்து வாசித்தால் அது வயது, கண்ணாடி போதும். ஆனால் விளக்கைச் சுற்றி நிற வளையம், கண்ணோடு சேர்ந்த தலையிடி, சத்தி, இது வேறு. கண்ணுக்குள் ஊறுகிற நீர் வடிகிற வழி அடைத்துப்போய், உள்ளே அழுத்தம் ஏறி, பார்வை நரம்பை நெரிக்கிறது. இது காத்திருக்காது. போன பார்வை எந்த வெட்டுக்கும் திரும்பாது. மிச்சத்தைத்தான் காப்பாற்றலாம்.

"வீட்டில் சோதித்துப் பார். நேரே உன் மூக்கைப் பார்க்கச் சொல். பக்கத்திலிருந்து ஏதாவது ஒன்றை மெல்லக் கொண்டு வா. எப்போது தெரிகிறது என்று கேள்" என்றார். போகும்போது, திங்கட்கிழமைக்குப் பிந்தாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அம்மாவை எனக்கு முன்னால் இருத்தினேன். கையில் அகப்பைதான் அகப்பட்டது. அவள் என் மூக்கைப் பார்த்துக்கொண்டிருக்க, இடப்பக்கத்தால் அகப்பையைக் கொண்டு வந்தேன். காது தாண்டியது. கன்னம் தாண்டியது. அம்மா பேசாமல் இருந்தாள். ஏறக்குறைய என் முகத்துக்கு முன்னால் வந்த பிறகுதான், "ஓம், இப்ப தெரியுது, அகப்பை" என்றாள். மேலிருந்தும் கீழிருந்தும் அப்படியே. ஒரு குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோலத்தான் அவள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால்தான் சோற்றுக் கோப்பையில் ஓரத்தில் வைத்த கறி அப்படியே கிடந்தது. அதனால்தான் கதவு நிலையில் தோள் இடித்தது. "உங்கடை அம்மாவுக்கு யானை நடை" என்று அப்பா பகிடி பண்ணியதும் அதற்குத்தான். எனக்கு அழுகையை விடக் கோபமே கூடுதலாக வந்தது.

அம்மா என் கையிலிருந்து அகப்பையை வாங்கினாள். "இதுவும் போயிடுமோ?" என்று கேட்டாள். ஓம், விட்டால் போயிடும் என்றேன். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்பாவிடம் சொன்னபோது அவர் கழுவுகிற மீனில் நழுவுகிற மீனானார். நான் சொன்னதை மறுக்கவுமில்லை, ஏற்கவுமில்லை. "ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்காரர் வந்து நாள் வைச்சிட்டுப் போகட்டும். கலியாணம் முடியட்டும். அதுக்குப் பிறகு நானே கூட்டிக்கொண்டு போறன்" என்றார்.

"கலியாணம் முடிய அம்மாவுக்குக் கண் இருக்காதப்பா."

"இப்ப ஆஸ்பத்திரியிலை போய்ப் படுத்தால் கொழும்பு முழுக்கத் தெரிஞ்சுபோம். தாய்க்குக் கண் இல்லையெண்டால் நாளைக்குப் பிள்ளைக்கும் வருமெண்டு நினைப்பினம். உன்ரை வாழ்க்கைக்குத்தான் பிள்ளை பாக்கிறன்."

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்யிறதுக்கோ பாக்கிறியள்?" என்றேன். அப்பாவிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஞாயிறு காலை அவர் செய்த வேலை இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வரும். கதிரைகளை இழுத்து இழுத்துப் போட்டு, அம்மாவுக்குப் பார்க்கப் பழக்கினார். "மாப்பிள்ளையின்ரை தாய் இந்தக் கதிரையிலை இருப்பா. நீர் நேரை இஞ்சை பாரும். தகப்பன் அதிலை. அவர் கதைச்சால் முகத்தை இவ்வளவு திருப்பும். சரி, இன்னொருக்கா." அம்மா சொன்னபடி திருப்பினாள். கண் தெரியாததை மறைக்க, கண் தெரிகிறவர்களை விடக் கவனமாக அவள் பார்க்க வேண்டியிருந்தது. பிழைக்காமல் செய்தாள். என் கலியாணத்துக்காகச் செய்தாள். அறைக் கதவுக்குப் பின்னால் சேலை உடுத்தி நின்ற எனக்கு அந்தச் சேலை உடம்பைச் சுட்டது.

பின்னேரம் வந்தார்கள். முதல் அரை மணித்தியாலம் அப்பா போட்ட திட்டப்படியே நடந்தது. அம்மா சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். பலகாரத்தை எடுங்கோ என்றாள். பிறகு கடல் பக்கத்து யன்னலால் வெயில் ஏறி மாப்பிள்ளையின் தாயின் முகத்தில் அடித்தது. அவர் எழுந்து, கதிரையை மாற்றி, அம்மாவின் வலப்பக்கமாக வந்துவிட்டார். அந்தப் பக்கம் அம்மாவுக்கு இருட்டு.

நாள் பேசி முடிந்ததும், அவர் தாங்கள் கொண்டுவந்த வெற்றிலைத் தட்டத்தை இரண்டு கையாலும் எடுத்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா எதிரே இருந்த வெறும் கதிரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தட்டத்தை நீட்டி வாங்காமல் விட்டால் எங்கள் ஆட்களிடம் அதற்கு ஒரே அர்த்தம்தான்: எங்களுக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம். மாப்பிள்ளையின் தாயின் முகம் சிவந்தது. நீட்டிய கை மடங்கவுமில்லை. அப்பா இருமினார். பிறகு இன்னும் பலமாக இருமினார். அம்மாவுக்கு ஏதோ பிழைத்துவிட்டது என்று விளங்கியது. எங்கே என்றுதான் தெரியவில்லை. அப்பா காட்டிக்கொடுத்த கதிரைகளை ஒவ்வொன்றாகத் தேடினாள். அந்த முகத்தை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

கூப்பிடாமல் பெண் சபைக்கு வரக்கூடாது. நான் வந்தேன். தட்டத்தைக் கையால் தொட்டு, "மாமி, குறை நினையாதேங்கோ. அம்மாவுக்கு இந்தக் கண் தெரியாது. மற்றதும் போய்க்கொண்டிருக்கு. நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போறன்" என்றேன்.

ரயில் ஒன்று கடலோரமாகப் போனது. பிறகு மாப்பிள்ளையின் தாய் தட்டத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கோபமில்லாமல், "இது பரம்பரையா வாற வருத்தமோ, பிள்ளை?" என்று கேட்டார். நேர்மையான கேள்வி. அதற்கு நேர்மையான பதில்தான் தகும்.

"வரலாம் மாமி. எனக்கும் வரலாம். வராமலும் விடலாம். பாத்துக்கொண்டிருந்தால் தப்பலாம்."

"நாங்கள் யோசிச்சுச் சொல்லுறம்" என்று எழுந்தார்கள். தட்டம் அவர்களோடு திரும்பிப் போனது. அந்தக் கிழமை முடிவதற்குள் தரகர் வந்து, சாதகத்தில் ஒரு பிழை கண்டுபிடித்ததாகச் சொன்னார். குளிரக் குளிரப் பொருந்திய கிரகங்கள் எல்லாம் எங்கள் அம்மாவின் கண்ணைக் கண்டு இடம் மாறிவிட்டன. நான் அழுதேன், ஏன் மறைக்க வேண்டும்? அந்தப் படத்தில் இருந்தவருக்காக அழுதேன். ஆனால் அதே வாயால் திருப்பிச் சொல்லச் சொன்னால், அன்றைக்குச் சொன்னதையே இன்றைக்கும் சொல்லுவேன்.

திங்கட்கிழமை விடிய அப்பா கோட்டுக்குப் போய்விட்டார். நானும் அம்மாவும் ரயிலில் மருதானைக்குப் போய், அங்கிருந்து ட்ராம் ஏறினோம். அவள் என் தோளைப் பிடித்திருந்தாள். ஆஸ்பத்திரி வாங்கில் நாங்கள் இருந்தபோது, எங்களைப்போல எத்தனை பேர். சிவந்த கண்ணுக்கு மிளகாய்ப்பழம் சுற்றிப் போட்டுவிட்டு வந்தவர்கள், புருஷன் செத்த பிறகு அவருடைய கண்ணாடியையே போட்டுக்கொண்டிருந்து தலைசுற்றி வந்த பெண், கல் உடைக்கும்போது தெறித்த துண்டோடு வந்த கூலியாள். கண்ணைப் பற்றி எங்களுக்கு இருந்த அறியாமை எங்களுக்கு மட்டும் சொந்தமல்ல என்று அன்றைக்குத்தான் கண்டேன். அது ஆறுதலாக இருக்கவில்லை, இன்னும் ஆத்திரத்தைத்தான் கிளப்பியது.

அங்கே இருந்த டொக்டர் பறங்கியர், இங்கிலீஸ்தான் பேசுவார். அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, இமைக்கு மேலால் இரண்டு விரலை வைத்து மெல்ல அழுத்தினார். பிறகு என் விரலையும் பிடித்து வைத்தார். பாக்கைத் தொட்டதுபோல இறுகிக் கிடந்தது. என் கண்ணைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அது இளகி இருந்தது. வலக்கண்ணில் வெட்ட ஒன்றும் இல்லை, நரம்பு செத்துவிட்டது என்றார். ஏன் இவ்வளவு காலம் வரவில்லை என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அம்மா, "பழுக்கட்டும் எண்டு விட்டனாங்கள்" என்றாள். அதை எப்படி இங்கிலீசில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தபடி சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

இடக்கண்ணை உடனே வெட்டி, நீர் வடிய ஒரு வழி செய்ய வேண்டும். அப்போதும் உறுதி இல்லை. நன்றாக நடந்தால் இருக்கிற பார்வை நிற்கும், பிழைத்தால் அதுவும் போகலாம். அதற்குச் சம்மதக் கையெழுத்துக் கேட்டார்கள். புருஷன் எங்கே என்று டொக்டர் கேட்டார். அவர் வந்து வைக்கட்டும் என்றார்.

அம்மா கையை நீட்டிப் பேனையை வாங்கினாள். "கண் என்ரை. அவரின்ரை இல்லை. எந்த இடம் எண்டு விரலை வைச்சுக் காட்டு பிள்ளை" என்றாள். அம்மா யாரையும் எதிர்த்து ஒரு சொல் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. என் விரலுக்குப் பக்கத்தில், கோணல் மாணலாக, தன் பெயரை முழுதாக எழுதினாள்.

வெட்டிய பிறகு இரண்டு கண்ணையும் கட்டி, மல்லாக்கப் படுத்து, தலையின் இரண்டு பக்கமும் மணல் பை வைத்தார்கள். இருமக்கூடாது, திரும்பக்கூடாது, அழக்கூடாது. நான் பள்ளிக்கூடம் விட்டதும் போய்ப் பக்கத்தில் இருப்பேன். அப்பா வரவில்லை. கேட்டால், கோட்டில் வேலை என்பார். அவர் வரவில்லையா என்று அம்மா ஒரு நாளும் கேட்கவில்லை.

கட்டு அவிழ்க்கிற அன்று காலை நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். டொக்டர் துணியைச் சுற்றிச் சுற்றி எடுத்தார். தாதி வெந்நீரில் நனைத்த பஞ்சால் இமையைத் துடைத்தாள். அம்மா கண்ணைத் திறந்து, மேலே முகட்டைப் பார்த்து, பிறகு டொக்டரைப் பார்த்து, பிறகு என்னைத் தேடிப் பிடித்தாள். "ஒழுங்காச் சாப்பிடேல்லைப் போலை" என்றாள். குழாய் அளவுதான், அதற்குமேல் ஒரு நூலும் கூடவில்லை. ஆனால் அந்தக் குழாய் நின்றுவிட்டது. நான் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என்னை அழவேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லைத்தானே.

அந்த நேரம் அப்பா வந்தார். கோட்டுக்குப் போகிற உடுப்பு, கையில் தொப்பி. கட்டிலின் வலப்பக்கத்தில் வந்து நின்றார். அம்மாவோடு பேசவில்லை. என்னிடம், "எப்பிடியாம்? டொக்டர் என்ன சொல்லுறார்? அவவுக்கு ஏதும் தெரியுதாமோ? வீட்டுக்கு எப்ப விடுவினமாம்?" என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டே போனார். எங்கள் வீட்டில் அம்மாவின் வருத்தம் எப்போதும் அப்படித்தான் பேசப்பட்டது, அவள் பக்கத்தில் இருக்க, அவளுக்கு மேலால்.

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அம்மா கையைத் தூக்கி என்னை நிறுத்தினாள்.

"இஞ்சாருங்கோ" என்றாள், முகத்தைத் திருப்பாமல். "பக்கத்திலை நிண்டால் எனக்கு நீங்கள் இல்லை. இந்தக் கண்ணுக்கு இனி இவ்வளவுதான். என்னைப் பற்றிக் கதைக்கிறதெண்டால் முன்னாலை வாங்கோ."

தாதி நிமிர்ந்து பார்த்தாள். அப்பா தொப்பியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். பிறகு கட்டிலின் கால்மாட்டுக்கு நடந்து போய், அம்மாவுக்கு நேரே நின்றார். அம்மா அவரைத் தலையிலிருந்து கால் வரை, துண்டு துண்டாக, ஆற அமரப் பார்த்து முடித்தாள்.

"இப்ப சொல்லுங்கோ" என்றாள்.